வீட்டுத் தன்னியக்கக் கருவிகளைத் தெரிவு செய்தல்

வீட்டுத் தன்னியக்கம் என்பது ஒரு வீட்டின் விளக்குகள், சூடாக்கி, குளிரூட்டி, கதவுப்பூட்டு, நீர்க்குழாய், எச்சரிக்கைக் கருவிகள் முதலியவற்றை உணரிகள், கணினி நிரல், தொடர்பு வலையமைப்பு ஆகியவற்றின் துணையுடன் தாமாக இயங்கவோ தொலைவிலிருந்து இயக்கப்படவோ செய்யும் தொழில்நுட்பம் ஆகும். புதிதாக வீடு வாங்கியோர் இக்கருவிகளைத் தெரிவு செய்யும்போது எதிர்கொள்ளும் தொழில்நுட்ப, பாதுகாப்பு, பொருளாதாரச் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகின்றது.

இத்துறையின் பெரும்பாலான கருவிகள் முதலில் வட அமெரிக்க வீடுகளை மனதிற் கொண்டே வடிவமைக்கப்பட்டன. ஆகவே, ஏற்கனவே கட்டப்பட்டு, வேறொருவர் குடியிருந்த ஒரு வட அமெரிக்க வீடே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. அங்கு மின்வழங்கல் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஆகும். இந்தியாவிலும் இலங்கையிலும் அது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எனவே அமெரிக்காவிலுள்ள உறவினர் அன்புடன் வாங்கி அனுப்பும் சுவர்ச் சுவிட்சு இங்கே பொருந்தாது. பொருத்தினால் தீ விபத்துக்கும் இடமுண்டு.

வரலாறு

வீட்டுக் கருவிகளுக்கான முதலாவது பரவலான நெறிமுறை எக்ஸ்10 ஆகும். ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் நகரிலிருந்த பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இதனை 1975 இல் உருவாக்கியது. இதற்கெனத் தனிக் கம்பிகள் தேவைப்படவில்லை. வீட்டின் மின்கம்பிகளிலேயே, மாறுமின்னோட்டம் சுழியத்தைக் கடக்கும் நொடியில், 120 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட சிறு துடிப்புகள் அனுப்பப்பட்டன. 16 வீட்டுக் குறியீடுகளும் ஒவ்வொன்றிலும் 16 கருவிக் குறியீடுகளும் சேர்ந்து 256 முகவரிகள் கிடைத்தன.

எளிமையே இதன் பலமும் பலவீனமும் ஆயிற்று. அமெரிக்க வீடுகளுக்கு வரும் 240 வோல்ட் மின்சாரம் இரண்டு 120 வோல்ட் கிளைகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒரு கிளையில் அனுப்பிய துடிப்பு மறு கிளையை அடையாமற் போவதுண்டு. மறுபுறம், ஒரே மின்மாற்றியிலிருந்து மின்சாரம் பெறும் அயல்வீட்டின் விளக்கு அணைந்து எரிவதும் உண்டு. அனுப்பிய கட்டளை நிறைவேறியதா என்பதை அறியும் வழி பெரும்பாலான கருவிகளில் இல்லை.

பின்னர் வானலை வழியாகச் செயற்படும் நெறிமுறைகள் தோன்றின. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரைச் சேர்ந்த சென்சிஸ் நிறுவனம் 1999 இல் இசட்-வேவ் முறையை உருவாக்கியது. 2002 இல் சிக்பீ கூட்டமைப்பு நிறுவப்பட்டது. மின்கம்பி, வானலை ஆகிய இரண்டையும் பயன்படுத்திய இன்ஸ்டியான் 2005 இல் அறிமுகமானது. ஆயினும், 2011 இல் வெளிவந்த நெஸ்ட் வெப்பநிலைக் கட்டுப்படுத்தியும் 2014 இல் வெளிவந்த அமேசான் எக்கோ ஒலிபெருக்கியுமே இத்துறையைப் பொழுதுபோக்காளர்களிடமிருந்து பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தன எனலாம்.

முந்தைய உரிமையாளர் விட்டுச் சென்றவை

எதை வாங்குவது என்று சிந்திக்கும் முன்னர், வீட்டில் ஏற்கனவே என்ன இருக்கின்றது என்பதைக் கண்டறிய வேண்டும். சுவரோடு பொருத்தப்பட்ட வெப்பநிலைக் கட்டுப்படுத்தி, கதவுப்பூட்டு, அழைப்புமணிப் படக்கருவி, கராஜ் கதவு இயக்கி ஆகியவை பொதுவாக வீட்டோடு சேர்த்தே விற்கப்படுகின்றன. ஆனால் பத்திரம் கைமாறுவதால் இக்கருவிகளின் இணையக் கணக்கு கைமாறுவதில்லை. முந்தைய உரிமையாளர் தமது கணக்கை நீக்காதவரை, அவர் எங்கிருந்தாலும் தமது கைப்பேசியிலிருந்து பூட்டைத் திறக்கவும் வாசலில் நிற்பவரைக் காணவும் இயலும். அவரிடம் தீய நோக்கம் இருக்க வேண்டுமென்பதில்லை, மறதியே போதுமானது. வீட்டு வேலையாளுக்கும் அண்டை வீட்டாருக்கும் அவர் முன்னொரு நாள் கொடுத்த எண்குறியீடுகளும் அவ்வாறே உயிரோடு இருக்கும்.

எனவே சாவியைப் பெறும் நாளிலேயே எல்லாக் கருவிகளையும் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பது முதற்பணி ஆகும். சில கருவிகளைப் பழைய உரிமையாளர் தமது கணக்கிலிருந்து விடுவித்தால் மட்டுமே புதியவர் பதிவு செய்ய முடியும். இதனை விற்பனை முடியும் முன்னரே கேட்டுப் பெறுவது எளிது. முடிந்த பின்னர் அவரைத் தேடிப் பிடிப்பது கடினம். இசட்-வேவ் கருவிகளைப் புதிய வலையமைப்பில் சேர்ப்பதற்கு முன் பழையதிலிருந்து நீக்க வேண்டும். நல்வாய்ப்பாக இந்நீக்கத்தை எந்த இசட்-வேவ் மையக்கருவியாலும் செய்ய இயலும். கராஜ் கதவு இயக்கிகள் பலவற்றில், புதிய தொலையியக்கியைப் பதிவு செய்யும் பொத்தானையே நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால், அதுவரை பதிவான தொலையியக்கிகள் அனைத்தும் அழிந்துவிடும். பூட்டைக்கூட மாற்றுபவர்கள் இந்தக் கதவை மறந்துவிடுகின்றனர்.

சுவரினுள் இருக்கும் கம்பிகள்

கருவியின் விளம்பரத்தைக் காட்டிலும் சுவரினுள் இருக்கும் கம்பிகளே தெரிவைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் முதன்மையானது நியூட்ரல் என்று வழங்கும் நடுநிலைக் கம்பி.

சாதாரணச் சுவிட்சுக்கு நடுநிலைக் கம்பி தேவையில்லை. அது மின்சாரம் வரும் கம்பியைத் துண்டிக்கின்றது அல்லது இணைக்கின்றது, அவ்வளவே. தன்னியக்கச் சுவிட்சோ விளக்கு அணைந்திருக்கும்போதும் வானலைக் கட்டளையை எதிர்பார்த்து விழித்திருக்க வேண்டும். அதற்கென ஒரு சிறு மின்னோட்டம் அதனூடாக எப்போதும் பாய்ந்து திரும்ப வேண்டும். திரும்பும் வழியே நடுநிலைக் கம்பி. பழைய வீடுகளில் மின்கம்பி முதலில் கூரையிலுள்ள விளக்குக்குச் சென்று, அங்கிருந்து இரண்டு கம்பிகள் மட்டும் சுவிட்சுக்கு இறங்குவது வழக்கம். அத்தகைய பெட்டியில் நடுநிலைக் கம்பி இராது. அமெரிக்காவின் தேசிய மின் விதிக்கோவை 2011 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, சில விலக்குகளுடன், விளக்குச் சுவிட்சுப் பெட்டிகளில் நடுநிலைக் கம்பி இருக்க வேண்டும் என்று கோரியது. இவ்விதியை மாநிலங்களும் நகரங்களும் வெவ்வேறு காலங்களில் ஏற்றுக்கொண்டன. ஆகையால் வீடு கட்டிய ஆண்டு ஒரு குறிப்பை மட்டுமே தரும், உறுதியைத் தராது.

பெட்டியில் வெள்ளைக் கம்பி தெரிவதாலும் எதுவும் உறுதியாகிவிடாது. மேற்சொன்ன இரு கம்பி அமைப்பில் வெள்ளைக் கம்பியே மின்சாரத்தைச் சுமந்து சுவிட்சுக்கு வருவதுண்டு. மின்சோதனைக் கருவியால் அளந்தறிந்த பின்னரே கை வைக்க வேண்டும். நடுநிலைக் கம்பி இல்லாத இடத்தில் பசுமை நிறப் புவித்தொடுப்புக் கம்பியை அதற்கு மாற்றாகப் பயன்படுத்தும் குறுக்குவழி விதிக்கு மாறானது. வழக்கமான நிலையில் மின்னோட்டம் பாயக் கூடாத கம்பியில் அதனைப் பாய்ச்சுவதால் உயிருக்கும் ஊறு விளையலாம்.

நடுநிலைக் கம்பி இல்லாத பெட்டிக்கு மூன்று வழிகள் உண்டு. விளக்கினூடாகவே சிறு மின்னோட்டத்தைச் செலுத்தும் வகைச் சுவிட்சுகள் விற்கப்படுகின்றன. ஆனால் எல்இடி விளக்குகள் அச்சிறு மின்னோட்டத்திலேயே மங்கலாக ஒளிரவோ மினுக்கவோ செய்யலாம். அதனைத் தவிர்க்க விளக்கோடு இணையாக ஒரு துணையுறுப்பைப் பொருத்துவர். இரண்டாவது வழி, சுவிட்சை அப்படியே விட்டு விளக்கை மட்டும் மாற்றுவது. இது எளிதாகத் தோன்றினும், விருந்தினர் ஒருவர் பழக்கப்படி சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தவுடன் தன்னியக்க விளக்கு வெறும் விளக்காகிவிடும். மூன்றாவது, மின்கலத்தில் இயங்கும் ஒட்டுப்பொத்தான். வாடகை வீட்டுக்கு இது பொருத்தம். சொந்த வீட்டுக்கு ஓர் இடைக்கால ஏற்பாடு எனலாம்.

1960களின் நடுப்பகுதி முதல் 1970களின் தொடக்கம் வரை கட்டப்பட்ட வட அமெரிக்க வீடுகள் பலவற்றில் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பிகள் பதிக்கப்பட்டன. அலுமினிய இணைப்புகள் காலப்போக்கில் தளர்ந்து சூடாகித் தீப்பற்றும் இயல்புடையவை. தன்னியக்கச் சுவிட்சுகள் பெரும்பாலும் செம்புக் கம்பிக்கு மட்டுமே தகுதி பெற்றவை. இத்தகைய வீட்டை வாங்கியவர் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்காமல் ஒரு சுவிட்சையும் கழற்றக் கூடாது.

சிறியதெனத் தோன்றும் வேறு சில செய்திகளும் உள்ளன. தன்னியக்கச் சுவிட்சின் உடற்பகுதி ஆழமானது; பழைய உலோகப் பெட்டிகளில் கம்பிகளோடு அதனைத் திணிக்க இடம் போதாது. மாடிப்படியின் மேலும் கீழும் ஒரே விளக்குக்கு இரு சுவிட்சுகள் இருந்தால், அதற்கேற்ற இணைச் சுவிட்சையும் சேர்த்து வாங்க வேண்டும். விளக்கின் ஒளியைக் குறைக்கும் டிம்மரை மின்விசிறி மோட்டாருக்குப் பொருத்தலாகாது. 1500 வாட் அறைச்சூடாக்கி 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். அதனைத் தன்னியக்கப் பிளக்கில் மாட்டித் தொலைவிலிருந்து இயக்குவது, அருகில் எவருமில்லாத அறையில் திரைச்சீலையோரம் நெருப்பு மூட்டுவதற்கு ஒப்பாகும்.

வெப்பநிலைக் கட்டுப்படுத்தி

குளிர்நாட்டு வீட்டில் பணத்தை மிச்சப்படுத்தக் கூடிய கருவி இதுவே என்பதால் பலர் இதிலிருந்தே தொடங்குகின்றனர். நடுச் சூடாக்கிகளின் கட்டுப்பாட்டுக் கம்பிகள் 24 வோல்ட் மாறுமின்னோட்டத்தில் இயங்குகின்றன. ஆர் என்பது மின்வழங்கலையும், டபிள்யூ சூட்டையும், ஒய் குளிரையும், ஜி விசிறியையும் குறிக்கும். இவற்றோடு சி என்ற பொதுக்கம்பியும் இருந்தால் கருவிக்குத் தொடர்ச்சியாக மின்சாரம் கிடைக்கும். பழைய பாதரசக் கட்டுப்படுத்திகளுக்கு இது தேவைப்படாததால் பல வீடுகளில் சி கம்பி இணைக்கப்படவே இல்லை. சில வேளைகளில் பயன்படாமல் சுவரினுள் சுருண்டு கிடக்கும்.

சி கம்பி இல்லாவிடில் சில கருவிகள் மற்றக் கம்பிகளிலிருந்து சிறிது சிறிதாக மின்சாரத்தை எடுத்து உள்மின்கலத்தை நிரப்பிக்கொள்கின்றன. இம்முறை எப்போதும் நம்பத்தக்கதன்று. 2016 சனவரியில், முந்தைய மாதம் அனுப்பப்பட்ட மென்பொருள் புதுப்பித்தலில் இருந்த வழுவினால் நெஸ்ட் கருவிகள் சிலவற்றின் மின்கலம் தீர்ந்து, நடுக்குளிர்காலத்தில் வீடுகள் சூடின்றிக் கிடந்தன. மின்கலத்தை மட்டும் நம்பிய சூடாக்கம் எத்தகையது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

சுவரோரச் சூடாக்கிகள் கொண்ட வீடுகளில் நிலைமை வேறு. அவற்றின் கட்டுப்படுத்தியில் நேரடியாக 120 அல்லது 240 வோல்ட் பாய்கின்றது. 24 வோல்ட் கருவியை அங்கு இணைத்தால் அது எரிந்துபோகும். தடித்த கம்பிகள் இரண்டோ நான்கோ மட்டும் தெரிந்தால் இவ்வகையாக இருக்கலாம் என ஐயுற்று நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தொடர்பு நெறிமுறைகள்

வை-ஃபை கருவிகளுக்குத் தனி மையக்கருவி வேண்டியதில்லை, விலையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு விளக்கும் வீட்டின் வலையமைப்பில் ஒரு கணினியாகச் சேர்கின்றது. ஐந்து கருவிகள் வரை இது பொருட்டன்று. ஐம்பதானால் மலிவான திசைவி திணறும். கடவுச்சொல்லை மாற்ற நேர்ந்தால் ஐம்பதையும் ஒவ்வொன்றாக மீண்டும் இணைக்க வேண்டும்.

சிக்பீ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றது. மின்னிணைப்பில் உள்ள ஒவ்வொரு கருவியும் அடுத்ததற்குச் செய்தியைக் கைமாற்றி அனுப்பும் கண்ணி வலையமைப்பு இது. மின்கலத்தில் இயங்கும் உணரிகள் இவ்வாறு கைமாற்றுவதில்லை. ஆகவே தொலைவிலுள்ள அறையில் உணரி வேலை செய்யாவிட்டால், இடையில் ஒரு பிளக்கைப் பொருத்துவதே பல வேளைகளில் தீர்வாகும். வை-ஃபையும் இதே அலைவரிசையில் இயங்குவதால் நெரிசல் உண்டாகும். வை-ஃபையின் 1, 6, 11 ஆம் தடங்களுக்கு இடையிலும் அப்பாலும் அமைந்த சிக்பீயின் 15, 20, 25 ஆம் தடங்களைத் தேர்ந்தெடுப்பதால் இந்நெரிசலைக் குறைக்கலாம். இங்கு ஒரு குழப்பத்தையும் சுட்ட வேண்டும்: இரு முறைகளின் தட எண்களும் ஒன்றல்ல, சிக்பீயின் 11 வேறு, வை-ஃபையின் 11 வேறு.

இசட்-வேவ் தாழ்ந்த அதிர்வெண்ணில் இயங்குவதால் சுவர்களை எளிதிற் கடக்கின்றது, வை-ஃபையோடு மோதுவதில்லை. ஆனால் அதிர்வெண் நாட்டுக்கு நாடு மாறுகின்றது: அமெரிக்காவில் 908.4 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868.4, இந்தியாவில் 865.2. ஒரு நாட்டில் வாங்கிய கருவி மற்றொரு நாட்டின் மையக்கருவியோடு பேசாது. அங்கு அதனை இயக்குவது வானொலி விதிகளையும் மீறக்கூடும். வழக்கமான இசட்-வேவ் வலையமைப்பில் அதிகபட்சம் 232 கருவிகள் இருக்கலாம்.

திரெட் 2014 இல் அறிவிக்கப்பட்ட புதிய கண்ணி வலையமைப்பாகும். சிக்பீ பயன்படுத்தும் அதே வானலை அடித்தளத்தின் மேல் ஐபிவி6 முகவரி முறையைக் கொண்டது.

மேட்டர் என்பது பலர் எண்ணுவதுபோல் இன்னொரு வானலை முறையன்று. கருவிகள் பேசிக்கொள்ளும் பொது மொழி எனக் கொள்ளலாம். வை-ஃபை, ஈதர்நெட், திரெட் ஆகியவற்றின் மேல் அது பயணிக்கின்றது. அமேசான், ஆப்பிள், கூகுள் ஆகியனவும் சிக்பீ கூட்டமைப்பும் 2019 திசம்பரில் அறிவித்த கூட்டு முயற்சியின் விளைவாக, அதன் முதற்பதிப்பு 2022 அக்டோபரில் வெளிவந்தது. அதே கருவியை ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் கட்டுப்பாட்டுச் செயலிகளில் இணைக்கலாம் என்பதும், கட்டளைகள் இணையத்துக்குச் செல்லாமல் வீட்டுக்குள்ளேயே நிறைவேறும் என்பதும் இதன் சிறப்புகள். முதற்பதிப்பில் படக்கருவிகள் இடம்பெறவில்லை. குளிர்சாதனப் பெட்டி, தரை துடைக்கும் இயந்திரம் போன்றவை 2023 அக்டோபரில் வெளிவந்த 1.2 பதிப்பில் சேர்க்கப்பட்டன. ஆகவே பெட்டியின் மேல் மேட்டர் சின்னம் இருப்பது மட்டும் போதாது. வேண்டிய வசதி அந்நெறிமுறை வழியாகக் கிடைக்கின்றதா, அல்லது உற்பத்தியாளரின் செயலியில் மட்டும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். இணைப்புக்கான 11 இலக்க எண் கருவியின் முதுகில் அச்சிடப்பட்டிருக்கும். சுவரினுள் பொருத்துமுன் அதனைப் படம் எடுத்து வைக்காதவர் பின்னொரு நாள் சுவிட்சை மீண்டும் கழற்ற நேரிடும்.

வழங்கிகளைச் சார்ந்திருத்தல்

இத்துறையில் வாங்குவோர் மிகுதியும் ஏமாறும் இடம் இதுவே. சுவரில் பொருத்திய சுவிட்சு முப்பது ஆண்டுகள் உழைக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் கட்டளை ஒவ்வொன்றும் உற்பத்தியாளரின் வழங்கிக்குச் சென்று திரும்பும் கருவியின் ஆயுள் அந்நிறுவனத்தின் வணிக முடிவைப் பொறுத்தது. இதற்குச் சான்றுகள் பல.

ரிவால்வ் என்னும் மையக்கருவி ஏறத்தாழ 300 டாலருக்கு விற்கப்பட்டது. 2014 இல் நெஸ்ட் அந்நிறுவனத்தை வாங்கியது. 2016 மே மாதத்தில் வழங்கி நிறுத்தப்பட்டு, கருவி முற்றிலும் செயலிழந்தது. லோஸ் வணிக நிறுவனத்தின் ஐரிஸ் சேவை 2019 மார்ச் 31 அன்று முடிவுற்றது. விங்க் நிறுவனம் அதுவரை இலவசமாக இருந்த சேவைக்கு மாதம் 4.99 டாலர் கட்டணத்தை 2020 மே மாதத்தில் அறிவித்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியானின் வழங்கிகள் முன்னறிவிப்பின்றி நின்றுபோயின. சில வாரங்களின் பின்னர் அதன் பயனர்கள் சிலரே சேர்ந்து நிறுவனத்தை வாங்கி உயிர்ப்பித்தனர். 2023 நவம்பரில் சேம்பர்லின் நிறுவனம் தனது கராஜ் கதவுச் சேவையைப் பிற மென்பொருள்கள் அணுகுவதைத் தடுத்தது. நெஸ்ட் கட்டுப்படுத்தியின் முதலிரு தலைமுறைகளுக்கான இணைய ஆதரவை 2025 அக்டோபர் 25 அன்று கூகுள் நிறுத்திக்கொண்டது. அக்கருவிகள் சுவரில் கையால் திருப்பினால் தொடர்ந்து இயங்கும், தொலைவிலிருந்து இயக்க முடியாது.

இந்நிகழ்வுகளுள் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. வழங்கி நின்ற பின்னர் சில கருவிகள் சாதாரணச் சுவிட்சாகவோ கட்டுப்படுத்தியாகவோ மீந்தன. ரிவால்வோ வெறும் பெட்டியாயிற்று. ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, இணையம் இல்லாதபோது இது என்ன செய்யும் என்பதே. வாங்கிய பின்னர் சோதிப்பதும் எளிது: திருப்பித் தரும் கால எல்லைக்குள் ஒரு மாலை இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, எவையெல்லாம் இயங்குகின்றன எனப் பார்க்கலாம்.

இதற்கு மாற்றாக, வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு கணினியில் இயங்கும் திறந்த மூல மென்பொருள்கள் உள்ளன. பாலஸ் ஸ்கவுட்சன் 2013 இல் பைத்தான் மொழியில் எழுதத் தொடங்கிய ஹோம் அசிஸ்டென்ட் இவற்றுள் நன்கறியப்பட்டது. 2024 முதல் ஓப்பன் ஹோம் அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. எந்த நிறுவனம் மூடினாலும் இது நிற்காது என்பது உண்மை. ஆனால் புதுப்பித்தல், காப்புப்படி எடுத்தல், பழுது பார்த்தல் ஆகிய பணிகள் வீட்டில் ஒருவர்மேல் விழுகின்றன. அவர் வெளியூர் சென்றிருக்கும்போது கூடத்து விளக்கு எரியாவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதைச் சிந்தித்தே இவ்வழியில் இறங்க வேண்டும். சுவரிலுள்ள பொத்தானை அழுத்தினால் விளக்கு எந்நிலையிலும் எரிய வேண்டும் என்பது இதில் அனுபவம் உள்ளோர் பின்பற்றும் விதியாகும்.

எங்கிருந்து தொடங்குவது

குரலுக்குப் பணிந்து எரியும் விளக்கு விருந்தினரை வியக்க வைக்கும். ஆயினும் வீட்டுக்கு உண்மையான காப்பளிப்பது விலை குறைந்த நீர்க்கசிவு உணரியே. நீர்ச்சூடாக்கியின் அடியிலும், துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்புறமும், நிலவறையின் தாழ்ந்த மூலையிலும் ஒவ்வொன்று வைத்தால் போதும். மரச்சட்டத்தாலும் ஜிப்சப் பலகையாலும் கட்டப்படும் வட அமெரிக்க வீட்டில், ஆளில்லாத வேளையில் உடைந்த குழாய் ஒரே நாளில் ஒரு தளத்தையே பாழாக்கிவிடும். குளிர்காலத்தில் சூடாக்கி நின்றால் குழாயில் நீர் உறைந்து விரிவடைந்து வெடிக்கும் என்பதால், நிலவறையில் ஒரு வெப்பநிலை உணரியும் பயன்தரும்.

கசிவு தெரிந்தவுடன் முதன்மைக் குழாயைத் தானே மூடும் கருவிகளும் உள்ளன. குழாயை வெட்டாமல் வெளியே பொருத்தும் வகை, கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பி மூடும் பந்து அடைப்பிதழுக்கே பொருந்தும். பழைய வீடுகளில் பலமுறை சுற்றி மூடும் வாயில் அடைப்பிதழ் இருக்கும். அதற்கு இது உதவாது. முதலில் குழாய்ப் பணியாளரைக் கொண்டு அடைப்பிதழை மாற்ற வேண்டும். தீயணைப்பு நீர்த்தூவிகள் அதே குழாயிலிருந்து நீர் பெறும் வீட்டில், அவற்றுக்குச் செல்லும் நீரை இக்கருவி துண்டிக்காதவாறு அமைக்க வேண்டும்.

மின்சிக்கனத்தைக் காரணமாகக் காட்டி விற்கப்படும் கருவிகளின் சொந்தச் செலவையும் கணக்கிட வேண்டும். ஒவ்வொன்றும் அரை வாட் உறிஞ்சும் 30 சுவிட்சுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 131 கிலோவாட்-மணி மின்சாரத்தை உட்கொள்ளும். ஒன்பது வாட் எல்இடி விளக்கை நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் முன்னதாக அணைப்பதால் ஆண்டுக்கு மிச்சமாவது 3.3 கிலோவாட்-மணி. அதே சுவிட்சு தன் விழிப்புக்காக மட்டும் 4.4 கிலோவாட்-மணி எடுத்துக்கொள்கின்றது. விளக்குகளைத் தன்னியக்கமாக்குவதற்கு வசதி ஒரு நல்ல காரணம்; சிக்கனம் அன்று.

பூட்டும் படக்கருவியும்

மின்பூட்டின் குறைகள் பலவும் கதவின் குறைகளே. மரநிலை பருவத்துக்கேற்ப விரிந்து சுருங்குவதால், தாழ்ப்பாள் துளைக்குள் நேராகச் செல்லாமல் உரசும். கையால் பூட்டுபவர் கதவைச் சற்று இழுத்துப் பிடித்துப் பூட்டிவிடுவார். மோட்டாருக்கு அது தெரியாது. மின்கலம் விரைவில் தீர்ந்து, பூட்டும் திணறும். முதலில் கதவைச் சீர்செய்து, பிறகு பூட்டு வாங்க வேண்டும். கதவின் விளிம்பிலிருந்து துளையின் நடுப்பகுதி வரையிலான தொலைவு 2⅜ அல்லது 2¾ அங்குலமாக இருக்கும். அளந்து கொள்வது நன்று. சாவித்துளையும் உள்ள பூட்டைத் தெரிவு செய்து, சாவியை வீட்டுக்கு வெளியே நம்பகமான ஓரிடத்தில் வைப்பது விவேகம்.

படக்கருவியைப் பொறுத்தவரை, படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, யார் பார்க்க முடியும் என்பதே முதற்கேள்வி. 2023 மே மாதத்தில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், ரிங் நிறுவனத்தின் பணியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளரின் காணொளிகளைப் பார்க்க இயலுமாறு விடப்பட்டிருந்தது எனக் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் 58 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. வீட்டினுள், சிறப்பாகப் படுக்கையறையிலும் குழந்தைகள் அறையிலும், இணையத்தோடு இணைந்த படக்கருவியை வைக்காமலிருப்பதே இக்கட்டுரையின் பரிந்துரை. மலிவான படக்கருவிகளின் மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே 2016 இல் மிராய் தீநிரல் பல இலட்சம் கருவிகளைக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அது டின் நிறுவனத்தின் பெயர்வழங்கிகளைத் தாக்கியபோது பல முன்னணி இணையத்தளங்கள் முடங்கின. எளிதில் ஊகிக்கக் கூடிய பொதுக் கடவுச்சொற்களோடு இத்தகைய கருவிகளை விற்பதை ஐக்கிய இராச்சியம் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடை செய்துள்ளது. தன்னியக்கக் கருவிகளைக் கணினிகளிலிருந்து பிரித்து, திசைவியின் விருந்தினர் வலையமைப்பில் இணைப்பது எளிய தற்காப்பாகும்.

வெளியார் மட்டுமே இடர் அல்லர். வீட்டின் கருவிகள் அனைத்தும் ஒருவரின் கணக்கில் மட்டும் இருந்தால், மற்றவரின் வரவு, போக்கு, உறக்கம், அறையின் வெப்பம் ஆகியவை அவர் கைக்குள் அடங்கிவிடுகின்றன. குடும்ப வன்முறையில் இக்கருவிகள் துன்புறுத்தும் கருவிகளாகப் பயன்படுவதை 2018 சூனில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் விரிவாக வெளியிட்டது. பாதிக்கப்பட்ட பெண்கள் பலர் கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதையே அறிந்திருக்கவில்லை. அதனை வாங்கியதும் பொருத்தியதும் மற்றவர் ஆதலால். வீட்டிலுள்ள வயதுவந்தோர் ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கும் நிகரான உரிமையும் அளிக்க முடியாத மையக்கருவியை இக்காரணத்துக்காகவே தவிர்க்கலாம்.

தீ, புகை எச்சரிக்கை

புகை எச்சரிக்கைக் கருவி விதிகளுக்கு உட்பட்டது. ஏனைய கருவிகளைப்போல் விருப்பப்படி மாற்றத்தக்கதன்று. இணையத்தோடு இணைந்த வகையை வாங்கினாலும், உரிய சோதனைச் சான்று அதற்கு இருத்தல் வேண்டும். ஒன்று ஒலித்தால் வீட்டின் எல்லாம் ஒலிக்கும் இணைப்பும் குலையக் கூடாது. 2014 ஏப்ரலில் நெஸ்ட் நிறுவனம் தனது புகைக் கருவியின் விற்பனையை நிறுத்தியது. கையசைத்து ஒலியை அணைக்கும் வசதி, உண்மையான தீயின்போது தற்செயலாக இயங்கி எச்சரிக்கையைத் தாமதப்படுத்தலாம் எனக் கண்டறியப்பட்டதே காரணம். புகை எச்சரிக்கைக் கருவிகளின் பின்புறம் உற்பத்தித் தேதி அச்சிடப்பட்டிருக்கும். அத்தேதியிலிருந்து 10 ஆண்டுகள் கடந்தவற்றை, அவை ஒலித்தாலும்கூட, மாற்ற வேண்டும். புதிதாக வாங்கிய வீட்டில் ஓர் ஏணியை வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றித் தேதியைப் பார்ப்பது, எந்தத் தன்னியக்கக் கருவியையும் வாங்கும் முன்னர் செய்ய வேண்டிய பணியாகும்.

வீட்டை மீண்டும் விற்கும்போது

பொருத்திய ஒவ்வொரு கருவியின் பெயர், இடம், இணைப்பெண், கழற்றிய பழைய சுவிட்சு இருக்கும் பெட்டி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மின்பகிர்வுப் பலகையின் கதவினுள் ஒட்டி வைப்பது சில மின்பணியாளர்களின் வழக்கம். இணைப்பெண்ணை அறிந்தவர் கருவியைத் தம் வலையமைப்பில் சேர்க்க முயலலாம் என்பதால், அதனை மட்டும் வேறிடத்தில் வைப்போரும் உளர். விற்பனையின்போது அத்தாளோடு, கணக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட கருவிகளின் பட்டியலும் வாங்குபவரிடம் சேர்கின்றது. பழைய வெப்பநிலைக் கட்டுப்படுத்தியையும் சுவிட்சுகளையும் எறிந்துவிடாமல் வைத்திருந்தால், தன்னியக்கம் வேண்டாதவருக்கு வீட்டை அரை நாளில் முந்தைய நிலைக்குத் திருப்பித் தர முடியும்.